பள்ளித் தேர்தல் பில்: பங்கு பிரிப்பதில் கவனிக்க வேண்டியவை

ஆசிரியருக்கு,

வணக்கம். டெக்சஸ் சொத்து வரி பற்றிய உங்கள் கட்டுரையில், வரியில் பெரும்பங்கு, அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளாட்சி அமைப்பான பள்ளி மாவட்டத்துக்குப் போவதைத் தெளிவாக விளக்கியிருந்தீர்கள். அந்தப் பணத்திலிருந்து மாவட்டம் கட்டும் ஒரு செலவு மட்டும் விட்டுப்போயிற்று: தேர்தல் செலவு. டிரஸ்டி (பள்ளி நிர்வாகக் குழு உறுப்பினர்) தேர்தலானாலும், கட்டடம் போன்றவற்றுக்குக் கடன் வாங்க ஒப்புதல் கேட்கும் பாண்ட் வாக்கெடுப்பானாலும் அதற்கான பில் மாவட்டத்துக்குத்தான் வரும். ஆசிரியர் சம்பளம் போகும் அதே நிதியிலிருந்துதான் அதைக் கட்டவும் வேண்டும்.

2006-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பள்ளி மாவட்டம் தனக்கென்று ஒரு நாள் பார்த்து டிரஸ்டி தேர்தல் வைத்துக்கொள்ள முடியாது. பொதுவாக நகராட்சித் தேர்தல் நாளிலோ, இரட்டைப்படை ஆண்டின் நவம்பர் பொதுத் தேர்தல் நாளிலோ, கூட்டுத் தேர்தலாக, பொதுவான வாக்குச்சாவடிகளில் நடத்த வேண்டும். இது நல்ல ஏற்பாடு. ஒரே தெருவில் இருப்பவர் நகராட்சிக்கு ஓரிடத்திலும் பள்ளிக்கு வேறிடத்திலும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் செலவை எந்த விகிதத்தில் பிரிப்பது என்பதைத் தேர்தல் சட்டத்தின் 271-ஆம் அத்தியாயம் கூட்டுத் தேர்தல் ஒப்பந்தத்துக்கே விட்டுவிட்டது. அங்கேதான் பள்ளி மாவட்டங்கள் ஏமாறுகின்றன.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். பொதுச் செலவு ஒரு லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். நகராட்சியில் 60,000 வாக்காளர்கள், பள்ளி மாவட்டத்தில் 30,000, சமுதாயக் கல்லூரி மாவட்டத்தில் 10,000. சமபங்கு என்று எழுதியிருந்தால் ஆளுக்கு 33,333 டாலர். சின்ன அமைப்புக்கு இது பெரிய அநியாயம். பதிவு செய்த வாக்காளர் எண்ணிக்கைப்படி என்றால் 60,000, 30,000, 10,000. இதுவரை சரி.

இப்போது நகராட்சியில் யாருக்கும் போட்டியில்லை என்று ஆகிறது. டெக்சஸ் சட்டப்படி அவர்கள் தேர்தலையே ரத்து செய்துவிடலாம். சாவடி, ஊழியர், இயந்திரம் என்று எதுவும் பெரிதாகக் குறையாது. மிச்சமிருக்கும் இருவர் அதே ஒரு லட்சத்தை 75,000, 25,000 என்று சுமக்க வேண்டும். 30,000 என்று பட்ஜெட் போட்ட மாவட்டம் 75,000 கட்டுகிறது! வேட்புமனுவுக்குக் கடைசி நாள் தேர்தலுக்கு 78 நாள் முன்பு. சீட்டில் பெயர் அச்சாகாமல், வாக்காளரே பெயரை எழுதிச் சேர்க்கும் வேட்பாளர்களுக்கு 74 நாள் முன்பு. அதற்குப் பிறகுதான் யார் ரத்து செய்கிறார்கள் என்பதே தெரியும். தேர்தலை ஒப்பந்தப்படி நடத்தித் தரும் கவுண்டியிடம் (பல ஊர்களை உள்ளடக்கிய நிர்வாகப் பகுதி) செலவு மதிப்பீடோ அதற்கு முன்பே வாங்கியது.

ஆகவே ஒப்பந்தத்தில் ரத்து பற்றித் தனி ஷரத்து வேண்டும். ரத்து செய்பவர் அந்த நாள்வரை தனக்காக ஆன செலவைக் கட்டிவிட்டுப் போக வேண்டும். கவுண்டி உடனே திருத்திய மதிப்பீடு தர வேண்டும். மீதமுள்ளவர்களின் எல்லைக்குத் தேவைப்படாத சாவடிகளை எடுத்துவிடவும் வழி இருக்க வேண்டும். விலகியவரிடம் முழுப் பங்கையும் கேட்பது நியாயமில்லை. நடக்காத தேர்தலுக்கு அவர்களும் வரிப்பணம்தானே கட்ட வேண்டியிருக்கும்.

அடுத்த சிக்கல் சாவடிவாரியாகப் பிரிப்பது. அவரவர் பகுதிச் சாவடியில்தான் வாக்களிக்கலாம் என்று இருந்தவரை இது பொருந்தியது. இன்று பல கவுண்டிகளில் எந்தச் சாவடியிலும் வாக்களிக்கலாம். அப்படியானால் மாவட்ட எல்லைக்கு இருபது மைல் தள்ளியிருக்கும் சாவடிக்கும் பள்ளி பங்கு கட்ட வேண்டுமா? சாவடியில் மின்னணுப் பட்டியலில் பதிவான வருகையை வைத்துப் பிரிக்கலாம் என்பார்கள். நியாயம்தான், ஆனால் தேர்தல் முடியும்வரை தொகை தெரியாது. பட்ஜெட் போட முடியாது. அந்தந்த மாவட்டத்தில் பதிவு செய்த வாக்காளர் எண்ணிக்கையே நம்பத்தக்க அளவுகோல்.

அதையும் எல்லாச் செலவுக்கும் பொருத்தக் கூடாது. சாவடி, ஊழியர், இயந்திரம் இவற்றுக்கு வாக்காளர் எண்ணிக்கை. தபால் வாக்குக்கு அனுப்பிய உறைகளின் எண்ணிக்கை. வாக்குச்சீட்டு வடிவமைப்புக்கும் சோதனைக்கும் அவரவர் போட்டிகள், கேள்விகளின் எண்ணிக்கை. 2019-லிருந்து விளையாட்டரங்கம், நீச்சல் குளம் போன்றவற்றுக்கான பாண்டைத் தனித்தனிக் கேள்வியாகக் கேட்க வேண்டும் என்பதால், ஒரு பெரிய பாண்ட் வந்தாலே பள்ளியின் பகுதி சீட்டில் நீண்டுவிடும். அதை ஸ்பானிஷில், ஹாரிஸ் கவுண்டியில் வியட்நாமிய மொழியிலும் சீனத்திலும்கூட, அச்சிட வேண்டும். அந்தக் கூடுதலைப் பள்ளியே ஏற்பதுதான் முறை.

இன்வாய்ஸ் வந்ததும் பார்க்க வேண்டியவை சில. கவுண்டித் தேர்தல் அலுவலகம் ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம்வரை நிர்வாகக் கட்டணம் வாங்கலாம். இது மொத்தத்தின் மேல் போடப்படுவதால், உள்ளே தவறாகச் சேர்ந்த ஒவ்வொரு நூறு டாலரும் 110 டாலராக வெளியே வரும். இயந்திர வாடகை நாளொன்றுக்கு அதன் கொள்முதல் விலையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எத்தனை நாள், எத்தனை இயந்திரம் என்ற விவரம் இல்லாமல் வெறும் மொத்தத் தொகை வந்தால் திருப்பி அனுப்புங்கள். நிரந்தர ஊழியரின் வழக்கமான சம்பளம் கவுண்டியின் சொந்த பட்ஜெட்டைச் சேர்ந்தது. ஓவர்டைமும் தற்காலிக ஆட்களின் கூலியும் மட்டுமே பில்லில் வரலாம்.

பள்ளிகள் கேட்கத் தவறும் பணமும் ஒன்று உண்டு. வழக்கமாகத் திறந்திருக்கும் நாளில் பொதுக் கட்டடத்தைச் சாவடியாகக் கொடுத்தால் கட்டணம் கேட்க முடியாது. மே தேர்தல் சனிக்கிழமை; பள்ளி மூடியிருக்கும் நாள். அன்று ஏசிக்கும் துப்புரவு ஊழியருக்கும் உண்மையில் ஆன செலவைக் கேட்டு வாங்கலாம்.

கேட்டி பள்ளி மாவட்டம் போல ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர் என்று மூன்று கவுண்டிகளில் பரந்திருக்கும் மாவட்டம் மூன்றோடும் ஒப்பந்தம் போட்டால் மூன்று பங்கீட்டு முறை, மூன்று நிர்வாகக் கட்டணம். மூன்றிலும் ஒரே மாதிரி ஷரத்துகளைக் கேட்பது மாவட்ட வழக்கறிஞரின் வேலை. இன்னொன்று: இரட்டைப்படை ஆண்டின் மே தேர்தலுக்குச் சேவை தரக் கவுண்டித் தேர்தல் நிர்வாகி சட்டப்படி கடமைப்பட்டவர் இல்லை. அந்த மாதமே கட்சிகள் தம் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலின் இரண்டாம் சுற்றும் இருப்பதால் பலர் மறுக்கலாம். மே மாதத்தையே பிடித்துக்கொண்டிருக்கும் மாவட்டங்கள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். நவம்பருக்கு மாறினால் கவுண்டியும் பங்காளியாவதால் சுமை கணிசமாகக் குறையும். ஆனால் மாறுவதற்குச் சட்டமன்றம் அனுமதிக்கும் கால எல்லைக்குள் மட்டுமே மாற முடியும்.

இந்த ஒப்பந்தம் பெரும்பாலும் போர்டு மீட்டிங்கில் விவாதமில்லாமல் மொத்தமாக நிறைவேற்றும் பட்டியலில் போய்விடுகிறது. அதைத் தனியாக எடுத்து விவாதிக்கும்படி எந்த டிரஸ்டியும் கேட்கலாம். நாம் அவர்களைக் கேட்க வைக்கலாம். நிகழ்ச்சி நிரலில் உள்ள பொருள் பற்றிப் பேசும் உரிமை வாக்குரிமை இல்லாதவருக்கும் உண்டு. விசாவில் இருந்துகொண்டு வீட்டு வரி கட்டும் நம்மவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பேசப் போகும் முன் மாவட்டத்துக்கு ஒரு தகவல் கோரிக்கை அனுப்பி, போன தேர்தலின் மதிப்பீடு, இறுதி இன்வாய்ஸ் இரண்டையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எந்தச் செலவு இனத்தில் வந்தது என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்
கேட்டி, டெக்சஸ்