ஐ.பி. டிப்ளமோவுக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே தயாராக வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கான பன்னாட்டுப் படிப்பான ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலரேட்) டிப்ளமோவின் முடிவுகள் ஒவ்வொரு ஜூலையிலும் வந்ததும் 45க்கு 45 எடுத்த பிள்ளைகளின் படங்கள் நாளிதழ்களில் வருகின்றன. சந்தோஷம், அவர்கள் உழைத்த உழைப்புக்கு அது தகும். ஆனால் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, பதினொன்றாம் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் மீதியைப் பள்ளி பார்த்துக்கொள்ளும் என்று நம்பும் பெற்றோர் நிறைய இருக்கிறார்கள். இந்தப் படிப்பில் பாடம் எடுக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், அதற்கான தயாரிப்பு ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் நடக்க வேண்டியது.

இரண்டே வருடத்தில் ஆறு பாடங்கள். அதில் மூன்றையாவது உயர்நிலையில், அதாவது கூடுதல் ஆழத்தில் எடுக்க வேண்டும், மற்றவை பொதுநிலையில்; உயர்நிலைப் பாடம் ஒன்றுக்கு 240 மணி நேர வகுப்பு, பொதுநிலைக்கு 150. இதற்கு மேல் 4,000 சொல் வரை போகும் ஆய்வுக் கட்டுரை, ஒன்றை நாம் எப்படி அறிகிறோம் என்று யோசிக்க வைக்கும் அறிவுக் கோட்பாடு என்ற பாடத்துக்கு 1,600 சொல் வரை ஒரு கட்டுரையும் ஒரு கண்காட்சியும், அப்புறம் படைப்பாற்றல், உடல் செயல்பாடு, சேவை என்று ஒன்றரை வருடம் தொடர வேண்டிய வேலை. பாடத்துக்கு 7 வீதம் 42 புள்ளி, ஆய்வுக் கட்டுரைக்கும் அறிவுக் கோட்பாட்டுக்கும் சேர்த்து 3. வெறும் மூன்றுதானே என்று பெற்றோர் அதை ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த இரண்டில் எதில் மிகக் குறைந்த 'இ' கிரேடு வந்தாலும், மொத்தப் புள்ளி எவ்வளவு இருந்தாலும் டிப்ளமோ கிடைக்காது என்பது பலருக்குக் கடைசி வருடத்தில்தான் தெரியவருகிறது.

பிள்ளைகள் பெரும்பாலும் தடுமாறுவது எழுத்தில்தான். பத்தாம் வகுப்பு வரை ஆசிரியர் கேட்ட கேள்விக்கு ஒரு பக்கத்தில் பதில் எழுதிப் பழகியவர்களிடம் திடீரென்று, கேள்வியையும் நீயே உருவாக்கு, ஆதாரங்களையும் நீயே தேடு, பல வாரம் உட்கார்ந்து நீயே எழுது என்றால் எப்படி முடியும்? 'பருவநிலை மாற்றம்' என்று ஒரு தலைப்பைக் கொண்டுவந்து தருகிறார்கள். அதிலிருந்து பதில் தேடக்கூடிய ஒரு சின்னக் கேள்வியைப் பிரித்தெடுப்பதற்கே மாதக்கணக்கில் ஆகிவிடுகிறது, அதற்குள் ஆறு பாடங்களின் வேலையும் தலைக்கு மேல் வந்து நிற்கிறது. ஒன்பதாம் வகுப்பிலேயே 500 சொல்லில் ஒரு கட்டுரை, பத்தாம் வகுப்பில் 1,500 சொல்லில் ஒன்று, கேள்வி மாணவருடையது, எந்தத் தகவலை எங்கிருந்து எடுத்தோம் என்ற குறிப்பும் அவர் கையாலேயே எழுதியது என்று பழக்கிவிட்டால் போதும், அந்த 4,000 சொல் யாரையும் மிரட்டாது. இணையத்திலிருந்து எடுத்து ஒட்டும் பழக்கத்தையும் அந்த வயதில்தான் நிறுத்த முடியும். செயற்கை நுண்ணறிவு எழுதிக்கொடுத்ததைத் தன் எழுத்தாகக் காட்டினால் ஐ.பி. அதை நேர்மை மீறலாகவே எடுத்துக்கொள்ளும்.

விடுமுறையில் டியூஷன் வைத்துப் பதினொன்றாம் வகுப்புக் கணக்கை முன்கூட்டியே முடிப்பதைத் தயாரிப்பு என்று சொல்லாதீர்கள். அந்த நேரத்தில் பிள்ளை நான்கு நல்ல புத்தகங்களை முழுதாகப் படிக்கட்டும், படித்ததைப் பற்றி வீட்டில் யாரோடாவது வாதாடட்டும், அது எல்லாப் பாடத்துக்கும் உதவும். தாய்மொழியிலும் படிக்கட்டும். பள்ளியில் ஆசிரியர் இல்லாத மொழியின் இலக்கியத்தைக்கூட, பள்ளியின் துணையோடு தானே படித்துப் பொதுநிலையில் தேர்வு எழுத ஐ.பி.யில் வழி இருக்கிறது. அந்த வழியை எத்தனை பெற்றோர் கேட்டுப் பார்த்திருப்பார்கள்?

பாடத் தேர்விலும் அவசரம் வேண்டாம். கணக்கிலேயே இரண்டு வகை இருக்கிறது, ஒன்று பகுப்பாய்வு சார்ந்தது, இன்னொன்று பயன்பாடு சார்ந்தது. பொறியியலுக்குப் பல பல்கலைக்கழகங்கள் முதல் வகையை, அதுவும் உயர்நிலையில் கேட்கின்றன. பத்தாம் வகுப்பிலேயே அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் நிபந்தனையைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். அதேசமயம், பக்கத்து வீட்டுப் பிள்ளை எடுத்தான் என்பதற்காக இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றையும் உயர்நிலையில் ஏற்றி வைக்காதீர்கள், அந்தச் சுமையில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே தூக்கமில்லாமல் வாடிப்போவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

பள்ளிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு பாடத்திலும் மாணவர் தானே செய்து கொடுக்க வேண்டிய உள்மதிப்பீட்டு வேலை இருக்கிறது. இரண்டாம் வருடத்தில் இவற்றின் கெடு எல்லாம் ஒரே மாதத்தில் வந்து மோதினால் அது மாணவரின் சோம்பேறித்தனம் ஆகாது, ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார்ந்து நாள் குறிக்கவில்லை என்றுதான் அர்த்தம். அந்த அட்டவணையைப் பதினொன்றாம் வகுப்பின் முதல் மாதத்திலேயே பெற்றோர் கையிலும் கொடுத்துவிட வேண்டும்.

கடைசியாக உங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஜூலையில் 45 எடுத்தவர்களோடு 30 எடுத்த பிள்ளைகளையும் பேச வையுங்கள். உலக சராசரியே 30ஐ ஒட்டித்தான் இருக்கிறது. ஒன்பது, பத்தாம் வகுப்பில் எதைப் பழகியிருந்தால் இந்த இரண்டு வருடம் சுலபமாக இருந்திருக்கும் என்று அவர்களிடமே கேட்டு எழுதுங்கள், இப்போது அந்த வகுப்புகளில் படிக்கிற பிள்ளைகளின் பெற்றோர் அதைப் படிக்கட்டும்.

இப்படிக்கு,
ஐ.பி. வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் ஓர் ஆசிரியை