சைக்ஸ் போதகரையும் பேசுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ (1960) நாவலைப் பற்றிச் சென்ற ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தோற்பது உறுதி என்று தெரிந்தும், பொய்க் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினத்தவன் டாம் ராபின்சனுக்காக வாதாடும் வக்கீல் அட்டிகஸ் ஃபின்ச்தான் அறத் தலைமைக்கு அடையாளம் என்கிறார் கட்டுரையாளர். சரி. ஆனால் கட்டுரை முழுவதும் கறுப்பின மக்கள் காப்பாற்றப்பட வேண்டியவர்களாக மட்டுமே வருகிறார்கள். அது எனக்கு வருத்தமாக இருந்தது.

கல்லூரியில் இந்த நாவலை 22 ஆண்டுகள் பாடம் நடத்தியவள் நான். நானும் வெகுகாலம் நீதிமன்றக் காட்சிக்கே மாணவர்களை அவசரமாக அழைத்துப்போனேன். அதற்கு முன்னால் வரும் 12ஆம் அத்தியாயத்தை நிதானமாகப் படித்தது பிற்பாடுதான்.

அந்த அத்தியாயம் கறுப்பின மக்களின் தேவாலயத்தில் நடக்கிறது. விடுதலையான அடிமைகள் தங்கள் முதல் கூலியில் வாங்கிய தேவாலயம் அது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நாலு பேர்தான். ஒருவர் ஒரு வரியைச் சொல்ல, மற்றவர்கள் அதைப் பாடுகிறார்கள். டாம் சிறையில் இருக்கிறான். பிள்ளைகளை விட்டுவிட்டு அவன் மனைவி ஹெலன் வேலைக்குப் போக முடியாது. போதகர் சைக்ஸ் காணிக்கை டப்பாவைக் கவிழ்த்து எண்ணிப் பார்க்கிறார். ஹெலனுக்குக் கொடுக்கக் காசு போதவில்லை. கதவைச் சாத்தச் சொல்கிறார். 10 டாலர் சேரும்வரை யாரும் வெளியே போகக் கூடாது. பிள்ளை இல்லாதவர்கள் ஆளுக்கு இன்னொரு 10 சென்ட் போடுங்கள் என்கிறார். 1930களின் பெரும் பொருளாதார மந்த காலத்தில், அந்த ஏழைகளிடம்! அப்புறம் மெல்ல மெல்லப் பணம் சேர்ந்துவிடுகிறது.

தீர்ப்பு எப்படி வரும் என்பதும் அவருக்குத் தெரியும். வெள்ளையனுக்கு எதிராகக் கறுப்பனுக்குச் சாதகமாக தீர்ப்புச் சொல்லும் எந்த ஜூரியும் முடிவெடுத்துத் தான் பார்த்ததே இல்லை என்று அட்டிகஸின் மகன் ஜெம்மிடம் சொல்கிறார். இது வெறும் கற்பனை இல்லை. நாவல் நடக்கும் அதே அலபாமா மாநிலத்தில் 1931 ஸ்காட்ஸ்பரோ வழக்கில், 9 கறுப்பின இளைஞர்களில் 8 பேருக்கு வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரிகளின் தீர்ப்பால் மரண தண்டனை விதிக்கப்பட்டது. அந்த வழக்கில் ஜூரியிலிருந்து கறுப்பர்களை ஒதுக்கியது தவறு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1935இல்தான் சொன்னது.

வழக்கில் தோற்று அட்டிகஸ் வெளியேறும்போது, மேலே கறுப்பர்களுக்கான பால்கனியில் அத்தனை பேரும் எழுந்து நிற்கிறார்கள். அவர்களோடு உட்கார்ந்திருக்கும் சிறுமி ஸ்கவுட்டிடம், “எழுந்திரு, உன் அப்பா போகிறார்” என்று சொல்பவரும் சைக்ஸ்தான்.

அடுத்த முறை இந்த நாவலைப் பற்றி எழுதுபவர்கள் அந்தப் பால்கனியில் இருந்தவர்களுக்கும் சில பத்திகள் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியை