வெள்ளவத்தையிலிருந்து ஒரு பதில்

அன்பின் ரஞ்சன்,

உன் கடிதம் கிடைத்தது. ஓய்வூதியம் சரிவந்ததும் மகள் தனி வீடு பார்த்துப் போனதும் நல்ல செய்தி. ஆனால் ஓரத்தில் "எல்லாம் இருக்குது மச்சான், சந்தோசம்தான் இல்லை" என்று கிறுக்கிவிட்டு, அடுத்த வரியிலேயே "நீ இன்னும் அந்த மாயாஜாலக் கதைகளோ வாசிக்கிறாய்?" என்று நக்கல் வேறு. இரண்டுக்கும் ஒரே பதில்தான் என்னிடம் இருக்கிறது.

இங்கே எல்லோரும் சுகம். இவளுக்கு முழங்கால் வலி, எனக்குச் சீனி. எங்கள் ஒழுங்கையில் இன்னொரு தொடர்மாடி எழும்புகிறது. பல்கனியில் நின்றால் முன்பு கடல் தெரியும், இப்போது பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் உடுப்புத் தெரிகிறது.

ஓம், இன்னும் வாசிக்கிறேன். பேரனுக்கென்று வாங்கியதை அவனுக்கு முன்னால் நான் முடித்துவிடுகிறேன். இப்போது கையில் இருப்பது மிக்கேல் எண்டே 1973இல் ஜெர்மன் மொழியில் எழுதிய 'மோமோ'வின் ஆங்கிலப் பதிப்பு. அதில் சாம்பல் நிற மனிதர்கள் ஊருக்குள் வந்து, நேரத்தைச் சேமியுங்கள், எங்கள் வங்கியில் போடுங்கள் என்கிறார்கள். பூசி என்று ஒரு முடிவெட்டுகிறவர். நடக்க முடியாத ஒரு பெண்ணுக்குத் தினமும் ஒரு பூ கொண்டுபோய்க் கொடுத்துக் கதைத்துவிட்டு வருவார். இத்தனை செக்கன் வீண் என்று சாம்பல்காரன் கணக்குப் போட்டுக் காட்டுகிறான். தாயோடு இருக்கும் நேரமும் வீண். மனுசன் எல்லாவற்றையும் வெட்டிச் சேமிக்கிறார். மிஞ்சியது எரிச்சல்தான். சேமித்த நேரத்தையோ அவன்கள் சுருட்டாகப் புகைத்துத் தள்ளுகிறான்கள். நீ அங்கே இரண்டு வேலை செய்த காலத்தில் "பிறகு கதைக்கிறேன்" என்று எத்தனை தரம் ரெலிபோனை வைத்திருப்பாய்! குறை சொல்லவில்லை, அன்று உனக்கு வேறு வழி இருக்கவில்லை. இப்போது இருக்கிறதே.

ஆனால் நான் உனக்குச் சொல்ல நினைத்தது டோல்கீனைப் பற்றி. 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' என்றால் நன்மை வெல்லும் கதை என்பார்கள். நான் அப்படி வாசிக்கவில்லை. அவர் முதலாம் உலகப் போரில், 1916இல் சொம் போர்முனையில் நின்றவர். 1918இல் நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் இறந்துவிட்டார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். அந்தக் கை எழுதிய கதையில் தீய சக்தி கொண்ட மோதிரத்தை அழிக்கப் போன பிரோடோ ஊர் திரும்பிய பிறகும், காயம்பட்ட ஒக்டோபர் 6ஆம் திகதி வரும்போது பழைய காயம் வலித்து வாடுகிறான். ஊர் தப்பியது, அவன் தப்பவில்லை. எங்கள் சின்னம்மாவை உனக்கு நினைவிருக்கும். 83 யூலைக் கலவரத்துக்குப் பிறகு எந்த யூலை வந்தாலும், வாசற்கதவு பூட்டியிருக்கிறதா என்று இரவில் எழும்பி எழும்பிப் பார்ப்பார். காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்று அவரிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது.

கதையில் பிரோடோவின் அதே வீட்டில்தான் சாமும் இருக்கிறான், தோட்டக்காரன். தேவதை போன்ற ஒரு அரசி அவனுக்கு ஒரு பெட்டி மண் கொடுத்திருந்தாள், எதையும் செழிக்க வைக்கும் மண். தன் தோட்டத்துக்கே வைத்துக்கொண்டிருக்கலாம். இவ்வளவு சனம் கஷ்டப்பட்டிருக்கும்போது அது சரியில்லை என்று, ஊர் முழுக்க வெட்டுப்பட்ட மரங்களின் இடத்தில் கன்று நட்டு, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு துளி போடுகிறான். அடுத்த வசந்தத்தில் எல்லாம் தளதளவென்று எழும்புகிறது. கலியாணம் கட்டுகிறான், பிள்ளை பிறக்கிறது. பிரோடோவின் வலியும் சாமின் சந்தோசமும் ஒரே கூரையின் கீழ். ஒன்று தீர்ந்த பிறகுதான் மற்றது வரவேண்டும் என்று ஆசிரியர் வைக்கவில்லை. நீயோ எல்லாம் தீரட்டும், அதற்குப் பிறகு சந்தோசப்படுவோம் என்று கதிரையைப் போட்டுக்கொண்டு காத்திருக்கிறாய்.

அந்த எல்லாவற்றுக்குள்ளும் உன் அண்ணரோடான காணிப் பிரச்சினையும் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். அர்சுலா லெ குவினின் 1968ஆம் ஆண்டு நாவலான 'எ விஸர்ட் ஒஃப் எர்த்சீ'யில் கெட் என்ற பெடியன், தானே மந்திரத்தால் கிளப்பிவிட்ட நிழலுக்குப் பயந்து தீவு தீவாக ஓடுகிறான். ஓடுகிற மட்டும் அதற்குத்தான் பலம். பழைய குரு, திரும்பி நின்று நீ அதைத் துரத்து என்கிறார். மிச்சத்தை நீ வாசித்துக்கொள்.

அண்ணர் போன மாதம் கொழும்புக்கு வந்தவர். தமிழ்ச் சங்க நூலகத்தில் கண்டேன், பிளேன்டீ குடிக்கக் கூட்டிப்போனேன். காணியைப் பற்றி ஒரு சொல் இல்லை. உன் மகளின் படிப்பைத்தான் விசாரித்தார். வட்ஸ்அப் இலக்கமும் மாறிவிட்டது, புதியதை உனக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

ஆடிவேலுக்கு வருவதென்றால் முன்கூட்டியே சொல், அறையை ஒதுக்கி வைக்கிறோம். அப்புறம், அங்கே பழைய புத்தகக் கடைகளில் லெ குவினின் மற்றப் பாகங்கள் கிடைத்தால் வாங்கி வா. அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, காசை இங்கே வைத்துத் தருகிறேன்.

அன்புடன்,
சிவா