குறையை ஏன் மறக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் கொருக்குப்பேட்டையில் கானா பாடும் பார்வையற்ற தம்பியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நம்ம பக்கத்துப் பையனைப் பற்றி வந்திருக்கிறதே என்று ஆசையாகத்தான் உட்கார்ந்தேன். ‘அவர் பாடும்போது பார்வையில்லாத குறையே நமக்கு மறந்துபோகிறது’ என்ற வரி வந்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். மீதியை மறுநாள்தான் படித்தேன்.

ஏன் ஐயா மறக்க வேண்டும்? அந்தத் தம்பி பாட்டைத் தானே கட்டுகிறவர். தண்டவாளம் மாறும்போது வண்டி தடதடக்கிற சத்தம், காசிமேட்டு மீன் கூடை ஏறியதும் பெட்டிக்குள் மாறும் காற்று, வளையல் சத்தம் நின்றுபோன அம்மாவின் வீடு, இதெல்லாம் அவர் பாட்டில் வரும். கண் தெரிந்தவனுக்கு இப்படிக் கட்ட வராது. அவர் சொந்தமாக எழுதுகிறார் என்பதே உங்கள் கட்டுரையில் இல்லை. டோலக்கை ‘மேளம்’ என்று வேறு போட்டிருக்கிறீர்கள்.

எனக்கு இரண்டு வயதில் போலியோ. வலது காலில் கேலிப்பர், அதாவது காலைத் தாங்கும் இரும்புக் கம்பிச் சட்டம். முப்பது வருஷமாக வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் டோலக் வாசிக்கிறேன். மற்றவர்கள் சம்மணம் போட்டு வாசிப்பார்கள். என் கால் மடங்காது. நீட்டிய காலோடு டோலக்கை அணைத்துக்கொண்டு, அடி முடிகிற இடத்தில் மோதிரத்தால் கேலிப்பர் கம்பியில் ஒரு தட்டு தட்டுவேன். டிங் என்று கேட்கும். ஒருமுறை கேலிப்பர் ரிப்பேருக்குப் போயிருந்ததால் கட்டை ஊன்றிக்கொண்டு கச்சேரிக்குப் போனேன். பாடுகிறவர் இரண்டாவது பாட்டிலேயே நிறுத்திவிட்டு, “என்னண்ணே, கால் சத்தத்தைக் காணோம்?” என்றார். அந்தக் காலை மறந்துவிட்டு என் தாளத்தை எப்படிக் கேட்பீர்கள்?

ஒரு மண்டபத்தில் மேடைக்கு ஏழு படி. நாற்காலியோடு நாலு பேர் தூக்கிப் போனார்கள். போட்டோ எடுத்தது அதைத்தான், வாசித்ததை எடுக்கவில்லை. இன்னொரு இடத்தில் கேலிப்பர் தெரியக் கூடாதென்று காலின் மேல் சால்வையைப் போர்த்திவிட்டார்கள். அன்றைக்கு முழுக்கக் கம்பியைத் தொடவே முடியவில்லை. டிசம்பர் 3 வந்தால் மட்டும் மாற்றுத்திறனாளிகள் தினம் என்று கூப்பிடுவார்கள். சம்பளம் பேசினால், “வாய்ப்பு கொடுக்கிறோமே, அப்புறம் என்னப்பா?” என்பார்கள். 2016-ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு எங்களைப் போன்ற கலைஞர்களுக்கு வசதியும் ஆதரவும் தர வேண்டும் என்று சொல்வது உங்களுக்குத் தெரியாததல்ல.

வயலின் மேதை எம். சந்திரசேகரன் சின்ன வயதிலேயே பார்வை இழந்தவர். 2005-இல் மியூசிக் அகாடமி அவருக்கு சங்கீத கலாநிதி விருது கொடுத்தது. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் ராகத்தையும் வில்லையும் பற்றி எழுதுகிறார்கள். பேசின் பிரிட்ஜுக்கு இந்தப் பக்கம், எங்கள் வடசென்னைக்கு வந்தால் மட்டும் ஏன் பரிதாபமே முன்னால் வந்து நிற்கிறது?

போலியோ வந்த இயான் டூரி என்ற ஆங்கிலப் பாடகரைப் பற்றி என் மகள் சொன்னாள். 1981-ஐ ஊனமுற்றோர் ஆண்டு என்று ஐ.நா. அறிவித்திருந்ததே, அந்த வருஷம் தன் உடம்பையே முன்னால் வைத்துக் கோபமாக ஒரு பாட்டுப் பாடினாராம். பிபிசி அதை ஒதுக்கியது. 2012 லண்டன் பாராலிம்பிக் தொடக்க விழாவில் அதே பாட்டைப் பாடினார்கள். அவ்வளவு காலம் நாங்களும் காத்திருக்க வேண்டுமா?

நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை எங்களைப் பற்றி எழுதினால் தன்னம்பிக்கைப் பக்கத்தில் போடாமல் இசைப் பக்கத்தில் போடுங்கள். ‘மேளம்’ என்பதை ‘டோலக்’ என்று திருத்தி, அந்தத் தம்பிதான் பாட்டை எழுதியவர் என்று ஒரு சின்ன திருத்தமாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன், டோலக் கலைஞன்,
வியாசர்பாடி, சென்னை-39