நீர்க்காகமா, பாம்புத்தாராவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வாரம் தங்கள் நாளிதழில் நீர்ப்பறவைகள் பற்றி வெளியான கட்டுரையை மகிழ்ச்சியுடன் படித்தேன். அதனுடன் வந்த படத்தின் கீழே ‘சிறகு உலர்த்தும் நீர்க்காகம்’ என்று அச்சாகியிருந்தது. படத்தில் இருந்ததோ பாம்புத்தாரா. இரண்டும் கருநிறம் கொண்டவை, இரண்டும் மூழ்கி மீன் பிடிப்பவை, இரண்டும் நீரைவிட்டு ஏறியதும் சிறகை விரித்து வெயில் காய்பவை என்பதால், தொலைவிலிருந்து பார்க்கும் எவருக்கும் இந்தத் தடுமாற்றம் நேரக்கூடும். ஆனால் பிள்ளைகள் இத்தகைய படங்களை வெட்டி ஒட்டிவைத்துப் பெயர் பழகுகிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

பாம்புத்தாராவின் அலகு ஈட்டிபோல் நேராகச் சென்று கூராக முடியும். நீர்க்காகத்தின் அலகு நுனியில் கொக்கியாக வளைந்திருக்கும். அலகின் நுனி கண்ணுக்கு எட்டாத தொலைவில், நீந்தும் விதமே கைகொடுக்கும். பாம்புத்தாரா பெரும்பாலும் உடலை நீருக்குள் அமிழ்த்திக்கொண்டு, மெலிந்த நெடுங்கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நெளிந்து செல்லும். அதன் பெயரே அதற்குச் சான்று. நீர்க்காகம் தாழ்ந்து மிதந்தாலும் முதுகு தெரியும், அலகு சற்றே மேல்நோக்கியிருக்கும்.

ஒளியின் திசையும் முக்கியம். ஒருநாள் காலை, சூரியனை எதிர்நோக்கி நின்று, பட்டமரம் ஒன்றில் இருந்த ஐந்து கரிய உருவங்களையும் நீர்க்காகம் என்று குறித்துக்கொண்டேன். மறுகரைக்குச் சென்று வெயில் முதுகில் விழும்படி நின்று நோக்கியபோது, அவற்றுள் ஒன்றின் தோளிலும் சிறகிலும் வெள்ளிக் கீற்றுகள் மின்னின. அது பாம்புத்தாரா. குறிப்பேட்டில் அந்த வரியை உடனே திருத்தினேன்.

வெள்ளைக்கொக்குகளில் சிக்கல் இன்னும் கூடுதல். கறுத்த அலகைக் கண்டதும் சின்ன வெள்ளைக்கொக்கு என்று முடிவு செய்வோர் பலர். ஆனால் பெரிய வெள்ளைக்கொக்கின் மஞ்சள் அலகும் இனப்பெருக்கக் காலத்தில் கறுத்துவிடும். சின்னதற்குக் கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள் என்ற உறுதியான அடையாளமோ, அது நீரில் நிற்கும்வரை மறைந்தே கிடக்கும், பறக்கும்போதுதான் தெரியும். பெரியதையும், இரண்டுக்கும் இடைப்பட்ட உருவமுள்ள மற்றொரு வெள்ளைக்கொக்கையும் பிரித்தறிய வாய்ப்பிளவின் கோட்டைப் பார்க்க வேண்டும். பெரியதில் அது கண்ணைத் தாண்டிப் பின்னே நீளும், மற்றதில் கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். இதற்கு நல்ல தொலைநோக்கி இல்லாமல் முடியாது.

உருவ அளவை மட்டும் நம்புவது சரியன்று என்பதே என் அனுபவம். சின்ன நீர்க்காகம் ஏறத்தாழ 50 செ.மீ. நீளமுள்ளது, பெரிய நீர்க்காகம் 80 செ.மீ.க்கும் மேற்பட்டது, இரண்டும் அருகருகே நின்றால் ஐயமே எழாது. பரந்த நீர்ப்பரப்பில் ஒன்று தனித்து நிற்கும்போது, ஒப்பிட வேறொன்றும் இல்லாமல் கண் ஏமாந்துபோகிறது.

ஆகவே, இனம் உறுதியாகாத படங்களுக்கு ‘நீர்க்காகம் அல்லது பாம்புத்தாரா’ என்றோ ‘வெள்ளைக்கொக்கு’ என்று பொதுவாகவோ பெயரிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பறவைக் கணக்கெடுப்பில் பங்கேற்போரும் ஊகத்தில் இனப்பெயர் எழுதாமல் ‘இனம் உறுதியாகாத நீர்க்காகம்’ என்றே பதியலாம். அந்தப் பதிவும் எண்ணிக்கையில் சேரும், பிழையான பெயரோ இரண்டு இனங்களின் கணக்கையும் கெடுக்கும். கடந்த வாரப் படத்துக்கான திருத்தத்தை அடுத்த இதழிலேயே வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்