போஸ்ட் கார்டு அளவு ஓட்டை

கோவை

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. பக்கத்து மனையில் கட்டடம் எழும்பப்போகிறது, அந்தச் சத்தத்தை எப்படித் தடுப்பது என்று கேட்டிருந்தாய். கூடவே வைத்திருந்த ஜன்னல் கொட்டேஷனையும் பார்த்தேன். இப்போதைக்கு அதில் கையெழுத்துப் போடாதே. நாலு ஜன்னலுக்கும் இரட்டைக் கண்ணாடி, 5 மில்லிமீட்டர், நடுவில் 12 காற்று, மறுபடி 5. ஆனால் சட்டம் என்னவோ அதே ஸ்லைடிங்தான். வெயிலுக்கு அது நல்ல சரக்கு. சத்தத்துக்கு வீண் செலவு. ஏன் என்று பிறகு சொல்கிறேன், முதலில் பக்கத்து மனைக்கு வருவோம்.

ரிக் என்கிற துளையிடும் இயந்திரம் வந்து நிற்கிறது என்றால் பைலிங் தொடங்கப்போகிறது, அதாவது கட்டடத்தைத் தாங்க நிலத்துக்குள் கான்கிரீட் தூண் இறக்கும் வேலை. துளைபோட்டுக் கான்கிரீட் நிரப்பும் பைலில் பெரிய இடிச்சத்தம் இருக்காது. குழியிலிருந்து ஆகர் என்ற திருகுத் துரப்பணத்தை மேலே தூக்கி, ஒட்டியிருக்கும் மண் உதிர இரண்டு பக்கமும் உதறுவார்கள் பார், அந்த இரும்புச் சத்தம்தான் காதில் அறையும். ஆனால் உன் வீடு கிண்டிப் பக்கம். அங்கே பாறை சீக்கிரமே தட்டும். சார்னோக்கைட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கில வணிகரின் கல்லறையில் பதித்த கல் இந்த இனம் என்பதால் 1893-ல் ஹாலந்து என்ற புவியியலாளர் அந்தப் பெயரை வைத்தார். கல்லறைக்குத் தேர்ந்தெடுத்த கல் எவ்வளவு கெட்டி என்று யோசித்துக்கொள். வீடுகளுக்கு நடுவே வெடி வைக்க முடியாது, ஆகவே பொக்லைனில் பிரேக்கர் என்ற இயந்திரச் சுத்தியலை மாட்டி உடைப்பார்கள். 10 மீட்டர் தள்ளி நின்றால் 85, 90 டெசிபல் வரும். தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும், அவ்வளவுதான். சுற்றி அடித்திருக்கும் தகர வேலி தரைத்தளத்துக்காரருக்கு உதவும். நாலாவது மாடியிலிருந்து பிரேக்கர் கண்ணுக்குத் தெரிகிறதல்லவா, தெரிந்தால் அந்த வேலி உனக்கு இல்லாத மாதிரிதான்.

பைல் முடிந்ததும் அதன் தலையில் மிஞ்சிய கான்கிரீட்டைக் கொத்துவார்கள். அதற்குக் கையால் பிடிக்கும் பிரேக்கரை விட ஹைட்ராலிக் கிராப்பர் எவ்வளவோ மேல். பைலைச் சுற்றிக் கவ்வி நெரித்து நொறுக்கும், தட்டல் இல்லை. பாறைக்கும் மாற்று இருக்கிறது: வரிசையாகத் துளைபோட்டு, உப்பிப் பெருகும் சுண்ணாம்புக் கலவையை ஊற்றிவிட்டால் ஒரு நாளில் தானே விரிசல் விடும். செலவு அதிகம் என்பார்கள், கேட்டு வை.

கட்டடம் தரைக்கு மேலே வந்துவிட்டால் என்ஜின் சத்தம் குறைந்து இரும்புத் தட்டல் ஆரம்பிக்கும். கான்கிரீட் ஊற்றும் அச்சு அலுமினிய ஷட்டரிங் என்றால் பலகைக்குப் பலகை பின்னும் ஆப்பும், சுத்தியலால் அடித்துப் பூட்டி சுத்தியலால் அடித்துக் கழற்றுவது. ஒரு தளத்துக்கு ஏழு முதல் பத்து நாள் சுற்று. உன் மாடி உயரத்தில் வேலை நடக்கும் மூன்று சுற்றுதான் மோசம்.

தளம் போடும் ராத்திரி தனி விஷயம். பகலில் நகருக்குள் கனரக லாரிக்குத் தடை உண்டு, அதனால் ரெடிமிக்ஸ் வண்டிகள் இரவில் வரும். வண்டியில் ஏற்றிய கான்கிரீட்டை இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டியாக வேண்டும். பாதியில் நிறுத்தினால் பழைய கான்கிரீட்டும் புதியதும் ஒட்டாத மூட்டு விழும். ஆகவே தொடங்கியதை ராத்திரி 11 மணிக்கு நீ போய் நிறுத்தச் சொன்னால் எந்த இன்ஜினீயரும் கேட்கமாட்டார். சண்டையைத் தேதிக்கு முன்பே போடவேண்டும். எந்தெந்த நாள் என்று இரண்டு நாள் முன்னால் எழுதித் தரச் சொல்லுங்கள், விடிகாலை 6 மணிக்குத் தொடங்கி இரவு 10-க்குள் முடிகிற மாதிரி தளத்தைப் பகுதி பிரித்துப் போடச் சொல்லுங்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி விதிகளில் பின்னால் சேர்த்த ஒரு வரி இருக்கிறது: குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் எழுப்பும் கட்டுமான இயந்திரம் ஓடக்கூடாது. உங்கள் குடியிருப்போர் சங்கம் எழுதும் கடிதத்தில் அந்த வரி கட்டாயம் இருக்கட்டும். பகலுக்கு வரம்பு குடியிருப்புக்கு 55, வணிகப் பகுதிக்கு 65. பகலில் வரம்பை 10 டெசிபல் தாண்டினால்தான் புகார் எடுபடும், அதனால் உங்கள் தெரு எந்த வகை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அலமாரியில் டம்ளர் கிணுகிணுக்கிறது, வீடு விரிசல் விடுமா என்று வீட்டில் பயப்படுவதாக எழுதியிருந்தாய். உடம்புக்கு 0.3 மில்லிமீட்டர்/விநாடி அதிர்வே தெரிந்துவிடும். சாதாரண வீட்டுக்கு ஜெர்மன் தரம் வைத்திருக்கும் மிகக் குறைந்த வரம்பே 5. நான் அதிர்வைவிடத் தண்ணீருக்குத்தான் பயப்படுவேன். பேஸ்மென்ட் குழியில் ஊற்று நீரை இறைக்கும்போது மண்ணும் சேர்ந்து இழுபட்டால் பக்கத்துக் கடைக்கால் இறங்கும். பம்பு கொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து அரை மணி வைத்துப் பார், அடியில் மணல் படிந்தால் அன்றைக்கே சைட்டில் சொல்லவேண்டும். இப்போது இருக்கும் விரிசல்களை ஸ்கேல் வைத்துத் தேதியோடு படம் எடு. இரண்டு முனையிலும் பென்சில் கோடு போட்டுத் தேதி எழுது. வேலை தொடங்கிய பிறகு எடுத்த படத்துக்கு மதிப்பில்லை.

இனி ஜன்னல். உன் படுக்கையறை ஜன்னல் 4 அடிக்கு 5 அடி. சுற்றளவு 18 அடி, நடுவில் இரண்டு கதவும் சேரும் இடம் 5 அடி, மொத்தம் ஏழு மீட்டர். பழைய ஸ்லைடிங்கில் இடுக்கை அடைக்கும் பிரஷ் பட்டை தேய்ந்து சராசரி 2 மில்லிமீட்டர் இடுக்கு என்று வை, கூட்டினால் 140 சதுர சென்டிமீட்டர். நம் பழைய போஸ்ட் கார்டு 14-க்கு 9, அதாவது 126. ஜன்னலில் ஒரு போஸ்ட் கார்டைவிடப் பெரிய ஓட்டை எப்போதும் திறந்திருக்கிறது. ஜன்னல் பரப்பில் ஒரு சதவீதம் திறந்திருந்தாலே எந்தக் கண்ணாடி போட்டாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. உன்னுடையது ஏறக்குறைய அந்தக் கணக்குதான். தவிர, ஒரே தடிமனில் இரண்டு கண்ணாடியும் நடுவில் 12 மில்லிமீட்டர் காற்றும் சேர்ந்தால் 220 ஹெர்ட்ஸ் பக்கம் ஒத்ததிர்ந்து, அதாவது அந்தச் சத்தத்தோடு சேர்ந்து தானும் அதிர்ந்து, அதை உள்ளே விடும். டீசல் என்ஜினின் உறுமல் அந்த வட்டாரத்தில்தான்.

ஆகவே முதலில் ஊதுபத்தி. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டு, பத்தியைச் சட்டத்தை ஒட்டி மெதுவாக நகர்த்து. புகை உள்ளே சாயும் இடத்தில் பென்சிலால் குறி. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே ஓட்டை இருந்தால் தூசியைத் துடைத்து, ஆழம் இருந்தால் ஃபோம் கயிற்றைத் திணித்து, நியூட்ரல் சிலிகான் இழு. புளிப்பு வாசனை அடிக்கும் மலிவான சிலிகான் சிமென்டில் நிற்காது. பிரஷ்ஷை முழுதும் மாற்று. டிராக்கின் வெளிப்பக்கம் மழைநீர் வடியும் சின்னத் துளைகளை மட்டும் அடைத்துவிடாதே, முதல் மழையிலேயே தண்ணீர் உள்ளே வரும். ஏசி குழாய் போகும் துளையை வெள்ளை ஃபோமால் அடைத்திருப்பார்கள். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, குழாயைச் சுற்றி மாவு மாதிரி பிசைந்து அழுத்தும் கனமான பட்டியால் (putty) அடை.

இதற்குப் பிறகும் போதவில்லை என்றால், ஒரே ஒரு அறைக்கு, இருக்கிற ஜன்னலை அப்படியே விட்டு, சுவரின் உள்விளிம்பில் இன்னொரு ஜன்னல் போடு. 100 மில்லிமீட்டர் இடைவெளி, 6.38 மில்லிமீட்டர் லேமினேட்டட் கண்ணாடி (நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய இரண்டு கண்ணாடி), ரப்பர் கேஸ்கெட்டில் அழுந்தி மூடும் கதவு. ஸ்லைடிங் வேண்டவே வேண்டாம். அந்த ஒத்ததிர்வு 70 ஹெர்ட்ஸ் பக்கம், என்ஜின் உறுமலுக்குக் கீழே இறங்கிவிடும். மற்ற மூன்று ஜன்னலுக்கும் பிரஷ்ஷோடு நிறுத்து. சுவரில் ஒட்டும் பஞ்சு, முட்டை அட்டை, கனமான திரை எல்லாம் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது.

ஒன்று மறந்துவிடாதே. ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. அப்படி இறுக்கிய அறையில் இரண்டு பேர் எட்டு மணி நேரம் தூங்கினால் காலையில் தலை கனக்கும். கிணற்றடிப் பக்கத்து ஹாலுக்குப் போகும் கதவின் அடியில் விரற்கடை இடுக்கை விட்டு வை, அந்தப் பக்கத்து ஜன்னல் திறந்திருக்கட்டும்.

ஜன்னல் ஆளிடம் பேசும் முன் உன் சுவரின் தடிமனையும், இப்போதைய சட்டத்தின் உள்பக்கத்திலிருந்து சுவர் விளிம்பு வரைக்கும் உள்ள அளவையும் மில்லிமீட்டரில் எழுதி அனுப்பு. 100 கிடைக்காவிட்டால் சட்டத்தை அறைக்குள் நீட்டி வைக்க வேறு வரைபடம் போடவேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்