உன் தோழிக்காக நீ கேட்டது

அன்புள்ள மகளுக்கு,

நேற்று போனில் நீ அழுததில் பாதிதான் பேச முடிந்தது. மீதியை எழுதிவிடுகிறேன்.

உன் அறைத்தோழி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதைச் 'சீன் போடறா' என்று மற்றவர்கள் சொல்வதாகச் சொன்னாய். அதை நம்பாதே. சீன் போடுகிறவள் எதற்கு வெயிலிலும் முழுக்கைச் சட்டைக்குள் மாதக்கணக்கில் ஒளித்துவைக்க வேண்டும்? நீ தற்செயலாகப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டாளே, அதுதான் உண்மை.

தாங்க முடியாத கோபம், வெறுப்பு, அவமானம். சிலருக்கு எதையுமே உணர முடியாத மரத்த நிலை. அதிலிருந்து கொஞ்ச நேரம் தப்பிக்கத்தான் பலர் இதைச் செய்கிறார்கள். கிடைக்கிற ஆறுதல் நிலைப்பதில்லை. பின்னாலேயே வெட்கம் வரும், அந்த வெட்கமே அடுத்த முறைக்கும் இழுத்துப்போகும். அதனால் 'ஏன்டி இப்படிப் பண்றே?' என்று கேட்டால் அவளிடம் பதில் இருக்காது. 'இப்ப ரொம்பக் கஷ்டமா இருக்கா? நான் இங்கேதான் இருக்கேன்' என்று சொல், போதும்.

'இனிமேல் செய்ய மாட்டேன்' என்று மட்டும் சத்தியம் வாங்காதே. அடுத்த முறை முடியாமல் போனால் அதை உன்னிடமும் மறைப்பாள். கையைக் காட்டச் சொல்லித் தினமும் சோதிக்கவும் வேண்டாம். காயம் பெரிதாக இருந்தாலோ சீழ் வைத்தாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் கூட்டிப்போ. நர்ஸ் வேலையில் இத்தனை வருஷமாக, மருந்து போடும்போதே 'பெத்தவங்களை நினைச்சுப் பார்த்தியா?' என்று திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். திட்டு வாங்கிய பிள்ளைகள் அடுத்த தடவை ஆஸ்பத்திரிப் பக்கம் வரவே தயங்குகிறார்கள். எனக்கு இன்றும் ஆறாத கோபம் அது.

அப்புறம், நீ கேட்கத் தயங்கிய விஷயம். இதைச் செய்கிற பலருக்குச் சாகும் எண்ணம் இருப்பதில்லை. ஆனால் மற்றவர்களைவிட அவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். அதனால் நேராகவே கேள்: 'செத்துப்போகணும்னு தோணுதா?' கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, ஆய்வுகளும் அதைத்தான் காட்டுகின்றன. மனம்விட்டுக் கேட்க ஆள் கிடைத்ததில் பலருக்கு மூச்சு திரும்பும். 'ஆமாம்' என்றால் அவளைத் தனியே விடாதே. அங்குள்ள அவசர உதவி எண்ணை உடனே கூப்பிடு, அல்லது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ.

'யார்கிட்டயும் சொல்லாதே' என்று அவள் கேட்டதை நினைத்துத் தவிக்கிறாய். 'ஊரெல்லாம் பேச மாட்டேன். ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னு தோணினா சொல்லத்தான் செய்வேன். முடிஞ்ச வரைக்கும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்' என்று இப்போதே சொல்லிவை. கோபித்துக்கொள்ளட்டும், பரவாயில்லை.

இது மாறக்கூடிய ஒன்று. டிபிடி என்றொரு பேச்சுச் சிகிச்சை இருக்கிறது. காயப்படுத்திக்கொள்ளத் தோன்றும் உந்துதல் ஏறி, உச்சத்தில் நின்று, தானாக இறங்கும்வரை தாக்குப்பிடிக்கும் பயிற்சிகளை அதில் கற்றுத்தருகிறார்கள். அதை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லைன்ஹன், இளவயதில் தானும் தன்னைக் காயப்படுத்திக்கொண்டவர்தான் என்று 2011இல் வெளிப்படையாகச் சொன்னார். இதை உன் தோழியிடம் சொல். டாக்டர்கள் எழுதிய எந்தத் துண்டுப்பிரசுரத்தைவிடவும் அது அவளிடம் ஒட்டும் என்று நினைக்கிறேன்.

அவளுக்கு நீ தோழி, வைத்தியர் இல்லை. ராத்திரி முழுக்கக் காவல் இருந்து உன் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. கல்லூரி ஆலோசகரிடம் போக அவள் சம்மதித்தால் கூடவே போ, வெளியே உட்கார்ந்திரு. வாயால் சொல்ல வராது என்றால் நாலு வரி எழுதி எடுத்துக்கொள்ளச் சொல், உள்ளே போனதும் காகிதத்தை நீட்டினால் போதும். எந்த நாள் என்று தெரிந்ததும் எனக்குச் சொல். அன்றைக்கு நான் போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா